கிருஷ்ணாயில் போட்டுக் கழுவிய பிரேக்

அன்று வாசலில் இருந்தது நானும் அப்பாவும். அம்மா கரும்பு வெட்டப் போயிருந்தாள். மெக்கானிக் வரவில்லை. அவர் கடை இரண்டு தெரு தள்ளித்தான், கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். வேண்டாம் என்றது நான்தான்.

அப்பாவுக்கு அப்போது கல்வராயன் மலை மேல் கட்டட வேலை. கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் பைக்கில் மலை ஏறி இறங்க வேண்டும். எட்டு மணிக்குக் கலவை போடும்போது வந்து நிற்கிறவனுக்குத்தான் வேலை என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்குத் தோதான பஸ் இல்லை. வண்டி ஓடினால்தான் வேலை.

மலை இறங்கும்போது எங்கள் பக்கத்து ஆட்களைப் போலவே அப்பாவும் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டுவிடுவார். பெட்ரோல் மிச்சம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்தான் மொத்த பாரத்தையும் தாங்கும். முன் பிரேக் பேட் சீக்கிரமே தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசிக் கத்த ஆரம்பித்தது.

"மெக்கானிக்காண்ட வுட்டுட்டு வரட்டா?" என்றார் அப்பா.

"இதுக்குப் போயி கூலி குடுப்பாங்களா? அப்புறம் நான் இன்னாத்துக்குப் படிச்சேன்?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்கு மேல் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் மெக்கானிக்கல். திரவத்தில் அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று படம் போட்டு எழுதிப் பத்துக்குப் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன். பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கையால் தொட்டது அன்றுதான். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

பழைய பேட்டைக் கழற்றினேன். பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இரண்டு. லீவரை அழுத்தியதும் ஒன்று வெளியே வந்தது. மற்றது அழுக்கேறி இறுகிக் கிடந்தது. வந்ததை விரலால் அமுக்கிக்கொண்டு அப்பாவை லீவரை அடிக்கச் சொன்னேன். இறுகியதும் மெல்ல நகர்ந்தது. அதுவரை சரி. எங்கள் வீட்டில் சைக்கிள் செயின், கதவுக் கீல், எது இறுகினாலும் கிருஷ்ணாயிலில் கழுவி கிரீஸ் வைப்பதுதான் வழக்கம். பாட்டிலை எடுத்து வந்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "உள்ள ரப்பரு வளையம் கீதேடா. கிருஷ்ணாயிலு பட்டா உப்பிப் பூடாதா?"

"உனக்கு இன்னாப்பா தெரியும்? கம்முனு லீவரப் புடி."

பிடித்தார்.

பிஸ்டனைக் கழுவி, கிரீஸ் அப்பி, புது பேட்டை மாட்டினேன். மூன்று நாள் பிரேக் நன்றாகப் பிடித்தது. "எம் புள்ளதான் போட்டான்" என்று வேலையிடத்தில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்காம் நாள் காலை போன் வந்தது. "டேய், மூணாவது வளைவுல நிக்கிறேன். முன் சக்கரம் சுத்தல. டிஸ்க்குல கை வெக்க முடியல, அப்டி கொதிக்கிது."

ரப்பர் உப்பிவிட்டது. பிஸ்டன் பின்னுக்குப் போகாமல் பேட்டை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறி அப்பா போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அவர் இடத்தில் வேறொருவர் கலவை சுமந்துகொண்டிருந்தார்.

"வண்டி நின்னுச்சுன்னா நான் இன்னா பண்றது?" என்றாராம் மேஸ்திரி. "வேலை முடியுற வரைக்கும் இவருதான்னு பேசிட்டேன்."

மதியம் ஒரு மினி லாரி பிடித்து வண்டியை இறக்கினோம். மெக்கானிக் கேலிப்பரைப் பிரித்தார். உப்பிய வளையத்தை ஸ்க்ரூடிரைவர் முனையில் தூக்கிக் காட்டினார்.

"எவண்ணே இதுல கை வெச்சது? கிரீஸ அப்பி வெச்சிக்கிறான். எவனோ படிக்காத பய."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "மலை மேல ஒரு கடையில வுட்டேம்பா. தெரியாத பையன்."

"அவன் கைய ஒடிக்கணும்" என்றார் மெக்கானிக். அப்பா சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. இன்றுவரை அந்தப் பேச்சை அப்பா எடுத்ததில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

வளையம், மறுபடி புது பேட், பிரேக் ஆயில், கூலி, மினி லாரி வாடகை எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூற்று எழுபது. மலை மேல் வேலை அதற்குப் பிறகும் நாற்பது நாள் நடந்தது. அப்பாவின் கூலி நாளுக்கு எண்ணூறு. ஆக மொத்தம் முப்பத்தைந்தாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.