மின்ஸ்க் நகர ஆட்டத்தைப் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போன கதை

உங்கள் பயணங்களிலேயே பரபரப்பானது எது என்று இந்த வலைப்பதிவில் பலரும் கேட்டிருக்கிறீர்கள். மலையேற்றம், பனிப்பாலைவனம் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். உண்மையான பதில் வேறு. அம்பத்தூரில் கிளம்பி, ஆவடி வழியாகப் பூந்தமல்லி போய், அன்றே வீடு திரும்பிய ஒரு பயணம். போக மட்டும் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். 1993, மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் உதிரிப் பாகங்களின் அளவு சரிபார்க்கும் வேலை. காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு இரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். பள்ளியில் படிக்கும்போதே எனக்கு ஒரு பேனா நட்பு உண்டு. சோவியத் நாட்டில் மின்ஸ்க் நகரத்துப் பெண், பெயர் ஸ்வேதா. முழுப்பெயர் நீளம். இந்தப் பெயரைக் கேட்டதும் என் அண்ணி பவானி, “நம்ம பொண்ணு மாரியே பேரு வச்சிகினு கீது” என்று அவளை அந்த நிமிடமே உறவில் சேர்த்துக்கொண்டார்.

ஸ்வேதாவின் தம்பி கோல்யா ஐஸ் ஹாக்கி ஆடுபவன். கோல்கீப்பர். அந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கடிதங்கள் வழியாகத்தான். உறைந்த பனித்தளத்தில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு சறுக்கி ஆடுவார்கள். பந்து கிடையாது, ரப்பர் வட்டு. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குல கனம். தொழில் புத்தி, அளவு மட்டும் மறக்கவே இல்லை.

சோவியத் நாடு உடையத் தொடங்கியதுமே ஸ்வேதாவின் கடிதங்கள் குறைந்தன. பிறகு நின்றே போயின. பதினான்கு மாதங்கள் ஒரு வரிகூட இல்லை. நான் எழுதியவை அவளுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்றும் தெரியவில்லை. அங்கே ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் அவள் முகம் நினைவுக்கு வரும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு புகைப்படம், அதுவும் அவளுடைய பதினைந்து வயதில் எடுத்தது.

அந்தச் சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். கையில் நீல உறை.

“ஏய் கலா, சுவேதா லெட்டர் போட்டுகீது! சீக்கிரம் படி, இன்னா எழுதிகீதுன்னு பாரு.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். எல்லோரும் நலம், அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அம்மா தைத்துக் கொடுக்கிறாள் என்று முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம். கோல்யா புது நாட்டின் இளையோர் அணிக்குத் தேர்வாகியிருக்கிறான். நாடே புதிது என்பதால் சர்வதேசப் போட்டியில் கடைசிப் பிரிவில்தான் இடம். அதில் முதலாவதாக வரும் அணி மட்டும் மேல் பிரிவுக்கு ஏறும். ஆட்டங்கள் மின்ஸ்க்கிலேயே நடக்கின்றன. கடைசி ஆட்டத்தின் இறுதிப் பகுதியை மாஸ்கோ டிவியில் நேரடியாகக் காட்டப்போகிறார்கள். “உங்கள் ஊரில் சிலருக்கு எங்கள் டிவி தெரியும் என்று எழுதியிருந்தாயே, முடிந்தால் பார். நான் கோலுக்குப் பின்னால் நிற்பேன், நீ அனுப்பிய மஞ்சள் துப்பட்டாவோடு” என்று முடித்திருந்தாள்.

நாளும் நேரமும் கீழே இருந்தன. மாஸ்கோ நேரம் மாலை நான்கு. நமக்கு ஆறரை. நாள்? காலண்டரைப் பார்த்தேன். இன்றைக்குத்தான். கடிதம் வந்து சேர ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. மணி 2:50.

“அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீற? கெளம்பு!” என்றார் அண்ணி. எங்கே கிளம்புவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அண்ணன் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கேபிள் டிவி புதிதாக வந்திருந்த காலம் அது. மொட்டைமாடியில் பெரிய டிஷ் ஆன்டெனா வைத்துத் தெருவுக்கு ஒருவர் கம்பி இழுத்து நடத்துவார். எந்தச் செயற்கைக்கோளைப் பார்த்து டிஷ் நிற்கிறதோ அதன் சேனல்கள்தான் வரும். ஆரம்பத்தில் சிலர் ரஷ்யச் சேனலும் பிடித்துக் காட்டினார்கள். யாருக்கும் புரியாததால் பிறகு விட்டுவிட்டார்கள்.

முதலில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவரிடம் போனோம். அவர் சிரித்தார். “ரஷ்யாவா? அத்த தூக்கி ஆறு மாசமாச்சி யக்கா. பாட்டு சேனல்தான் எல்லாரும் கேக்குறாங்க. ஆவடி மார்க்கெட்டாண்ட ஒருத்தரு வச்சிருந்தாரு, போயி கேட்டுப் பாருங்க.”

ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் 3:35 மின்சார ரயிலைப் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்கு ஒன்றரை ரூபாய். திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி. பதினைந்து நிமிடம். அண்ணிக்குத் தாய்வீடு கோவில்பதாகை, ஆவடி அவருக்கு உள்ளங்கை. மார்க்கெட் சந்துகளில் முன்னால் அவர், பின்னால் நான். அந்தக் கடையில் போய்க் கேட்டால், அந்தப் பெரிய டிஷ்ஷைப் போன மாதம்தான் பூந்தமல்லி ஜமால் பாய்க்கு விற்றுவிட்டாராம். விலாசம் என்று ஒன்றும் இல்லை. “பஸ் ஸ்டாண்டுல எறங்கி ரேடியோ ரிப்பேர் பாய்னு கேளுங்க, கொயந்த கூட காட்டும்.”

மணி 4:20. அந்த ஜமால் பாய் வீட்டில் இருப்பாரா, டிஷ் ரஷ்யாவைப் பிடிக்குமா, முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்காக எதற்குத் திருப்பப்போகிறார்? “போதும் அண்ணி, வீட்டுக்குப் போகலாம்” என்றேன்.

“பதினாலு மாசம் கய்ச்சி அந்தப் பொண்ணு எழுதிகீது. நீ பாதி வயில திரும்பிடுவியா? வா கம்னு.”

பூந்தமல்லி பஸ் 4:50-க்குத்தான் கிளம்பியது. பத்து கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய். நிற்க இடமில்லாமல் டிரைவர் பக்கத்தில் என்ஜின் பெட்டிமேல் சாய்ந்து நின்றோம். அண்ணி அவரிடம் கதை முழுவதையும் சொல்லிவிட்டார்.

“ஐஸ் மேல ஹாக்கியா? வயிக்கி வியமாட்டானுங்க?” என்றார் டிரைவர்.

“வியுவானுங்க. எயிந்து ஆடுவானுங்க” என்று, ஏதோ பல ஆட்டம் நேரில் பார்த்தவர் மாதிரி அண்ணி பதில் சொன்னார்.

பருத்திப்பட்டு தாண்டியதும் டிரைவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: “கண்ட எடத்துல விசில் குடுக்காத நைனா, இவங்களுக்கு ஆறரைக்கு ரஷ்யால மேட்ச் கீது!” பஸ்ஸே சிரித்தது. காடுவெட்டிப் பாலத்தில் அவர் அழுத்திய அழுத்தில் எனக்குக் கூவம் கண்ணிலேயே படவில்லை. 5:30-க்குப் பூந்தமல்லியில் இறங்கினோம்.

ரம்ஜான் மாதம். கடைத்தெரு முழுக்க நோன்புக் கஞ்சி வாசனை. ரேடியோ ரிப்பேர் பாயை உண்மையிலேயே யாரைக் கேட்டாலும் தெரிந்திருந்தது. ஜமால் பாய்க்கு நாற்பது வயது இருக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. கையில் சால்டரிங் கோலோடு நிமிர்ந்து பார்த்தார். நான் கடிதத்தை நீட்டி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கோலைக் கீழே வைத்தார். “அறுவது வூட்டுக்கு லைன் குடுத்துகினு கீறேன் தங்கச்சி. டிஷ்ஷ திருப்புனா அம்மாம் பேருக்கும் படம் போயிடும். சும்மா வுடுவாங்களா?” என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ரஹ்மத் எட்டிப் பார்த்தார். “நோம்பு தொறக்குற நேரத்துல எவன் டிவி பாக்கப் போறான்? அரை மணி நேரம்தானே? திருப்பிக் குடுங்க. அந்தப் பொண்ணு எத்தினி தூரத்துலேர்ந்து கூப்பிட்டிருக்கு.”

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்.

பன்னிரண்டு அடி டிஷ். விடியலில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத மனிதர், மார்ச் வெயில் சுட்ட தளத்தில் மண்டியிட்டு நட்டுகளைத் தளர்த்தினார். மாடியில் பாய், படிக்கட்டில் அண்ணி, கீழே டிவி முன்னால் நான். “வருதா?” “வரல!” “இப்ப?” “வரலீங்க!” டிஷ் அங்குலம் அங்குலமாக மேற்கே நகர்ந்தது. 6:12-க்குத் திரையில் புள்ளிகளுக்கு நடுவே ஒரு மனிதர் ரஷ்ய மொழியில் செய்தி வாசித்தார். நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பாய் இறங்கி வந்து நோன்பு திறந்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வந்தது. சரியாக 6:30. திரையில் பனித்தளம் தெரிந்தது. இரண்டே நொடி. படம் போய்விட்டது.

“ஐயோ!” என்றேன். பாய் வர இன்னும் பத்து நிமிடமாவது ஆகும்.

“காத்துல அசஞ்சிருக்கும். அவரு திருப்பும்போது எத்தினி தபா பாத்துகீறேன். வாங்கக்கா, நீங்க கம்பிய புடிங்க” என்று ரஹ்மத் சேலையைச் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அண்ணியும் பின்னாலேயே ஓடினார். மேலே இரண்டு பேரும் இழுத்துப் பிடிக்க, கீழே நான் கத்த, நான்கு நிமிடத்தில் படம் திரும்பி வந்தது. இந்தத் தடவை முன்பைவிடத் தெளிவு. நட்டை இறுக்கிவிட்டு இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க வந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் படம் கறுப்பு வெள்ளை. ரஷ்யாவின் கலர் முறை வேறு, நம் டிவியில் கலர் வராது என்று ரஹ்மத்தான் சொன்னார். மஞ்சள் துப்பட்டா எப்படித் தெரியும்? கோலுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதன் பின்னால் நூறு சாம்பல் நிற முகங்கள். அவற்றில் எது ஸ்வேதா?

கோல்யாவை மட்டும் உடனே கண்டுபிடித்தேன். தலைமுதல் கால்வரை மெத்தை கட்டியது போல் உடை, முகத்தில் கம்பிக்கூண்டு. மூலையில் எண்கள் 3–2. கூட்டம் கத்தியது கறுப்புச் சட்டைக்கு, அதுதான் நம் அணி. வெள்ளைச் சட்டை எந்த நாடு என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஏழு நிமிடம் பாக்கி.

என்ன வேகம்! கடிதத்தில் படித்தபோது இப்படி நினைக்கவே இல்லை. கண் சிமிட்டும் முன் வட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பையன்கள் பலகையில் மோதும் சத்தத்தில் அண்ணி ஒவ்வொரு முறையும் துள்ளினார். தொழுகை முடிந்து வந்த பாய் நின்றபடியே பார்க்க ஆரம்பித்தார். “படம் இன்னா ஆச்சி பாய்?” என்று சண்டைக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்கள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசி நிமிடம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் தங்கள் கோல்கீப்பரையே வெளியே கூப்பிட்டுக்கொண்டு, கூடுதலாக ஓர் ஆட்டக்காரனை இறக்கினார்கள்.

“இன்னாது, கோலு காலியா கீது! பைத்தியமா இவனுங்களுக்கு?” என்று பாய் கத்தினார்.

வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஆறு பேரும் கோல்யாவைச் சூழ்ந்தார்கள். ஒருவன் நேராக அடித்தான். கோல்யா காலை நீட்டித் தடுத்தான். வட்டு திரும்பி வந்தது, இன்னொருவன் அடித்தான். கோல்யா படுத்துப் புரண்டு, கையுறையை நீட்டினான். விசில். வட்டு கையுறைக்குள்.

கேமரா கோலுக்குப் பின்னால் இருந்த கூட்டத்தைக் காட்டியது. எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் துப்பட்டாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“கலா! உன் பேருடி! அங்க பாரு, தமிள்ல உன் பேரு!”

அண்ணி எழுந்து திரையைத் தொட்டுக் காட்டினார். ஒரு பெண் தலைக்கு மேலே அட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் பெரிய, கோணலான எழுத்தில்: கலா. கடிதங்களில் நான் தமிழில் போடும் கையெழுத்தைப் பார்த்து வரைந்திருக்கிறாள், லகரம் கொஞ்சம் தலைகுப்புற விழுந்தது போல் இருந்தது. அதன் கீழே ஸ்வேதா, வாய் கொள்ளாத சிரிப்போடு. மூன்று நொடி இருக்குமா? எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது ரஹ்மத் என் தோளைத் தட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது.

சைரன் ஊதியது. 3–2. பூந்தமல்லியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஆறு பேர் கைதட்டினோம். பாய் ஏழு மணிக்கு ஸ்பேனரோடு மாடி ஏறினார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, “அந்தத் தம்பி செயிச்சதுக்கு நான்தான் முட்டாய் குடுக்கணும்” என்றார்.

ஏழேகாலுக்கு எஸ்டேட் வழியாக அம்பத்தூர் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அன்றிரவே ஸ்வேதாவுக்கு எழுதினேன். மே மாதம் பதில் வந்தது. ஐந்து ஆட்டத்திலும் அட்டையைப் பிடித்திருக்கிறாள். கேமரா வந்தது கடைசி ஆட்டத்துக்கு மட்டும். யாராலும் படிக்க முடியாததை எதற்குத் தூக்குகிறாய் என்று கோல்யாவே கேலி செய்தானாம்.

இனி, இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு இன்றும் மின்சார ரயிலே நல்லது, சாலையில் போனால் நேரம் கணக்கில் நிற்காது. ஆவடி–பூந்தமல்லி பஸ்ஸுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரம்ஜானில் போனால் நோன்புக் கஞ்சிக்கு ஆறு மணிக்குள் கடைத்தெருவுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர்தான் மாங்காடு. அண்ணி பஸ்ஸிலேயே காமாட்சி அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாராம், ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு போனோம். கடைசியாக ஒன்று: வழியைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகு கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். அடுத்த இடம் எது என்பதை அன்றைக்கு எங்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் சொன்னார்கள்.

அந்த ஆட்டத்துக்கு மறு வாரம் நான் விடுப்பு எடுத்து நகரத்துக்குப் போய் பாஸ்போர்ட் விண்ணப்பம் ஒன்று வாங்கி வந்தேன். அண்ணி அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்து எங்க?” என்றார்.

மறுநாளும் விடுப்பு எடுத்தேன்.