வளராத குழாய்

அன்று தாம்பரத்தில் டாக்டரின் அறையில் நாலு பேர் இருந்தோம்: டாக்டர், நர்ஸம்மா, நான், என் மடியில் மூன்று வயது மகள். மனைவி டாக்டர் சொல்லப்போவதைக் கேட்கப் பயந்து பல்லாவரத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பிறவியிலேயே மகளின் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் சரியாக உருவாகவில்லை. அங்கே பதப்படுத்திய மாட்டு ரத்தக்குழாயை வைத்துத் தைப்பார்களாம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன். பதப்படுத்தியது எதுவும் வளராது என்று தெரியும்.

"சார், பாப்பா வளருமே. ரெண்டு சைஸ் பெருசா வெச்சுடுங்களேன்."

நர்ஸம்மா சிரித்துவிட்டார். "ஸ்கூல் ஷூ வாங்கறாப்ல கேக்கறீங்களேண்ணா!"

டாக்டர் சிரிக்கவில்லை. "ரொம்பப் பெருசா வெச்சா மடிஞ்சு அடைச்சிக்கும்பா. வளர்ந்ததும் மறுபடி ஆபரேஷன் பண்ணி மாத்தணும். குழந்தையோட செல்லுல இருந்தே, கூடவே வளர்ற குழாய் செய்யப் பாக்கறாங்க. இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு."

"எப்ப சார் வரும்?"

"தெரியலையேப்பா."

வெளியே வந்து ஒரு ரூபாய் போனில் மனைவியிடம் பேசினேன். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னேன். வளர்ந்ததும் குழாயை மாற்ற வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து, பள்ளிக்கூடம் திறந்த அன்று போன வருஷத்து ஷூவைப் போட்ட மகள், "ஷூ கடிக்குதுப்பா" என்றாள்.

மனைவிக்கு ஒரே சந்தோஷம். "பாருய்யா, எப்டி வளந்துகீது!"

நான் எழுந்துபோய் வாசலில் தனியாக நின்றேன். முதல் குழாய்க்கு முதலாளியிடம் வாங்கிய கடனிலேயே இன்னும் பதினோராயிரம் ரூபாய் பாக்கி இருந்தது.