எழுந்து குதிக்கும் தவளை

எங்கள் வகுப்பில் ஈரலையும் பித்தப்பையையும் நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை வரைக்கும் அந்தக் கர்வத்தோடு இருந்தேன். அம்மா நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்தாள். செத்த கோழிகளைப் பொறுக்கி, என்ன நோய் என்று டாக்டர் பார்ப்பதற்காக அறுத்து வைப்பது அவள் பொறுப்பு. பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் பள்ளியில் போய் அளப்பது என் பொறுப்பு.

அந்த விடுமுறைக்குச் சேலத்திலிருந்து பெரியம்மா மகள் வந்தாள். என்னைவிட மூன்றே மாதம் மூத்தவள். அதற்காக அக்கா என்று கூப்பிட வேண்டும். அவள் பள்ளியில் கொடுத்த டேப்லெட்டில் ஒரு தவளை இருந்தது. விரலால் கோடு இழுத்தால் தோல் விரியும், இதயம் துடிப்பது தெரியும். ரத்தமில்லை, நாற்றமில்லை. எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் பள்ளியில் தவளை என்றால் புத்தகத்தில் இருப்பதுதான். அதற்கும் யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.

சாயங்காலம் அம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அக்கா அருகில் உட்கார்ந்தாள். பாகங்களின் பெயரை அக்காவுக்கு முந்தி அம்மாவே சொன்னாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் அக்கா ஒரு பட்டனை அமுக்கினாள். குடல் உள்ளே போய், தோல் மூடி, தவளை எழுந்து குதித்தது.

“இன்னொருக்கா அமுத்து சாமி,” என்றாள் அம்மா.

ஏழெட்டு முறை இப்படியே. என்னைக் கூப்பிடும் அந்தச் ‘சாமி’ அவளுக்குப் போனதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை சார்ஜரை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

அன்று பண்ணையில் ஒரே கொட்டகையில் ஏகப்பட்ட கோழிகள் செத்துப்போயின. அம்மா தாமதமாக வந்தாள். இரண்டு தடவை கை கழுவினாள். தலைப்பில் துடைத்துக்கொண்டே, “அந்தத் தவளையக் காட்டு சாமி,” என்றாள். சார்ஜரைக் காணவில்லை, டேப்லெட் அணைந்துவிட்டது என்று அக்கா அழாக்குறையாகச் சொன்னாள்.

“செரி, உடு கண்ணு.”

அம்மா சாப்பிடாமல் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு மூன்றாவது தடவையாகக் கழுவப் போனாள்.

அக்காவை மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாள் முழுக்க அறுத்துவிட்டு வந்தவளுக்கு, ஒன்றாவது எழுந்து குதிப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.