முள்ளிப்பட்டுக்கு ஒரு பை வேர்க்கடலை

காலை ஏழு மணிக்கு முருகனை வேண்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியுடன் பெரணமல்லூரில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு பை. வறுத்த வேர்க்கடலை, எள்ளுப்பொடி, கொண்டைக்கடலை. எல்லாம் முள்ளிப்பட்டில் பட்டு நெய்யும் என் தங்கை செல்விக்கு. முப்பத்தெட்டு கிலோதான் இருக்கிறாள். ரத்தத்தில் நல்ல கொழுப்பும் குறைவாம். "கடலை, எள்ளு, மீன், முட்டைன்னு மூணு வேளையும் வயிறாரச் சாப்பிடுங்க, கொஞ்சம் நடங்க, சர்க்கரையைக் குறைங்க" என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு மாதமாகிறது. எடை ஏறவே இல்லை. ஏன் என்று பார்க்கத்தான் போனேன்.

ஆரணி ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். எட்டேகாலுக்கு இறங்கினேன். ஜவுளிக்கடை விளம்பரம் அத்தனையிலும் கன்னம் நிறைந்த பெண்கள் பட்டுடுத்திச் சிரிக்கிறார்கள். நெய்கிறவளுக்குக் கன்னமே இல்லையே என்று மனசு எரிந்தது.

முள்ளிப்பட்டுக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். டிரைவர் பையைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, கடலைக்கடை போடப் போறீங்களா?" என்றார்.

"தங்கச்சிக்குப்பா."

"அப்போ ஜல்தி போவலாம், குந்துங்க."

ஒன்பது மணி. செல்வி தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். சந்தனக் கலர் புடவை பாதி ஏறியிருந்தது. "வாண்ணா" என்றாள். கை நிற்கவில்லை. நான் பையைப் பிரித்ததும் மாப்பிள்ளை குமார் பாய்ந்து வந்தார்.

"மச்சான், அத்த இங்க பிரிக்காதீங்க! எண்ணெய்க் கை பட்டா கறை போவாது. முதலாளி புடவைய எடுத்துக்க மாட்டாரு."

"அப்போ இவ எப்ப துன்றது?"

"விடிய கஞ்சி குடிக்கிறா. தறி நின்னப்புறம் ராத்திரி சோறு. நடுவுல கையில ஒட்டாம குடிக்க இத வாங்கி வெச்சிருக்கேன்."

எடை கூட்டும் பவுடராம். டப்பாவைத் திருப்பிப் படித்தேன். முதல் பொருளே சர்க்கரை! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"புடவைல எண்ணெய் படக்கூடாது, சரி மாப்ள. இவ உடம்புலயுமா படக்கூடாது? சாமி குடுத்த உடம்பப் பட்டினி போட்டுகினு, சர்க்கரையக் கரைச்சி ஊத்துறீங்களே!"

"கத்தாதண்ணா, அவருக்கும் பேஜாருதான்" என்றாள் செல்வி. நான் கேட்கவில்லை. கடலையை அள்ளி அவள் வாயில் போட்டேன். கை ஊடை நூல் சுற்றிய நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் திறந்தது. "கல்யாணத்துலகூட எனக்கு யாரும் இப்படி ஊட்டல" என்று சிரித்தாள்.

"நாளைக்கு யாரு ஊட்டுவா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

அவர் பவுடர் டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார். "மத்தியானம் நிறுத்திடறோம் மச்சான். சாப்ட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிகினு உக்காரட்டும். புடவை லேட்டாவும்னு முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பன்னிரண்டு மணிக்குத் தறி நின்றது. செல்வி சோறும் முட்டையும் கடலைக் குழம்பும் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மாலை பெரணமல்லூர் திரும்பி வீட்டுக்குள் நுழையும்போதே எங்கள் பசு கத்தியது. பிண்ணாக்கு வைக்க ஒரு வேளை தவறினால் தெருவே கேட்கக் கத்தும். அதற்குப் பயந்தே யாரும் மறப்பதில்லை. என் தங்கை கத்தவில்லை. அதனால்தானே இத்தனை நாள் எல்லோரும் மறந்திருந்தோம்!