கொடிக்கம்பத்தில் கட்டிய பூஸ்டர்

வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் வீட்டுக்குள் சிக்னல் வராது, படிக்கட்டில் மட்டும் கொஞ்சம் வரும். என் வீட்டுக்காரருக்கோ வேலையே போனில்தான். திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் லோடு இருந்தால் மேஸ்திரி காலையில் கூப்பிடுவார். லைன் கிடைக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போன் போட்டுவிடுவார். அதனால் இவர் விடிந்ததும் போனோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவார்.

மேல்வீட்டுக்காரருக்கும் அதே மேஸ்திரிதான். அவர் எங்கிருந்தோ சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டர் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். மொட்டைமாடியில் எங்கள் பசங்களின் கால்பந்துக் கொடி பறக்கிற கம்பத்தில் அதன் ஏரியலைக் கட்டினார்கள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் வீட்டுக்காரர். பெட்டிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியது நான். "நம்ம பிளாக்குக்கே டவர் வந்துச்சு மாமு" என்று எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். இதை வைக்கலாமா கூடாதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து படிக்கட்டிலும் சிக்னல் போனது. மேல்வீட்டில் மட்டும் போன் கணீரென்று அடித்தது. நாங்கள் போன் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தோம், சிம்மை மாற்றினோம். மேல்வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, "மேஸ்திரி உனக்குத்தான் மொதல்ல போட்டாராம், கெடைக்கலியாமே நைனா" என்பார்.

டவர்காரர்கள் புகார் கொடுத்ததால், அரசாங்க ஆட்கள் கையில் ஒரு கருவியோடு தேடிக்கொண்டு வந்தார்கள். நேராகக் கொடிக்கம்பத்துக்கே ஏறிப் போனார்கள்.

"இந்தப் பெட்டி போடுற சத்தத்துல டவருக்கு மத்த போன் எதுவும் கேக்காதும்மா. ஆம்புலன்சுக்குப் போட்டாகூடப் போயிருக்காது. அனுமதி இல்லாம இத வைக்கவே கூடாது" என்றார் ஒருவர். பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

சிக்னல் உடனே திரும்பியது. என் வீட்டுக்காரர் மேஸ்திரிக்குப் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது.

"கூப்ட்டா கெடைக்காத ஆள வச்சுகினு நான் இன்னா பண்றது? உன் மேல்வூட்டுக்காரன் அவன் மச்சானயும் இட்டுகினு வந்துட்டான். ஆளு போதும்."

இப்போது இவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், அதுவும் கிடைத்த நாளில். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மேல்வீட்டுக்காரர் மனைவி சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: "அக்கா, இப்போ டவர் நல்லா கீதா?"

நன்றாகத்தான் இருக்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை.