ஊசி அக்கா துடைத்த தரை

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரை ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லேசர் சிப்களில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைப் பொருத்துவது அவர் வேலை. பதினேழு வருடத்தில் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

அன்று அவருக்கே அந்தக் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத டெராஹெர்ட்ஸ் ஒளியை வீசும் புதிய சிப் அது. பழைய சிப்களைப் போல் கடுங்குளிரில் வைக்காமலே வேலை செய்யவேண்டும் என்று அங்கிருந்த இளம் ஆய்வாளர் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. கையில் இருந்ததும் அந்த ஒன்றுதான். தளர்ந்திருந்த ஒரு கம்பியை அக்கா மாற்றிக் கொடுத்தார். அதன்பிறகு, மேசையின் மறுமுனையில் ஒளியை அளக்கும் கருவி நேற்றைய அளவில் பாதியைத்தான் காட்டியது.

“போச்சு தம்பி, நான்தான் கெடுத்துட்டேன்.”

ஆய்வாளர் சிப்பை நுண்ணோக்கியில் பார்த்தார். கம்பிகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. நிமிர்ந்தபோது அவருடைய கால் வழுக்கியது.

“அக்கா, தரை ஏன் ஈரமா இருக்கு?”

“பெரிய ஆளுங்க பாக்க வராங்களேன்னு நான்தான் ரெண்டு தடவை தொடச்சேன்.”

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அய்யோ அக்கா! காத்துல ஈரம் இருந்தா இந்த ஒளியைப் பாதி வழியிலேயே குடிச்சிடும்.”

மேசையைப் பெட்டியால் மூடி, உலர்ந்த நைட்ரஜன் வாயுவை உள்ளே விட்டார்கள். எண் மெல்ல ஏறி, நேற்றைய அளவையும் தாண்டி நின்றது. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“இனிமே தரை தொடைக்கிற மாப்போட இந்தப் பக்கம் வந்தீங்க...”

“வரவே மாட்டேன்ப்பா. குப்பை சேந்தா நீயே கூட்டிக்கோ!” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.