கமலாசனி போகாத இடங்கள்

2003ஆம் ஆண்டில், முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரைப் பக்கம் போய் நாயாற்றுக்கு வழி கேட்டால், ஆட்கள் வேறு கதை இல்லாமல் கமலாசனியின் வீட்டுப் படலையைக் காட்டிவிடுவார்கள். அவள் சேற்றுக்காலோடு வந்து, மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, ஆறுதலாகச் சொல்லுவாள். ஒட்டுசுட்டான் கழிய முள்ளியவளைக்குப் போங்கோ. பிறகு கடற்கரை ரோட்டைப் பிடிச்சு அளம்பில், செம்மலை. செம்மலைக்கு அங்கால மணல் ஏறிக் கிடக்கும், சைக்கிள் எண்டால் இறங்கி உருட்டவேணும். இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் உப்புத்தண்ணிக் களப்பு. இரண்டும் சேருற வாயில விடிய ஏழு மணிக்குள்ள போய் நிண்டால் கூழைக்கடாப் பறவை கூட்டமாய் வந்து இறங்குறதைப் பாக்கலாம். வெயில் ஏறினால் ஒண்டும் இல்லை, வெறும் மணல்தான்.

இவ்வளவும் சொன்ன மனுசி நாயாற்றைக் கண்ணால் கண்டதில்லை. நாயாற்றை விடுங்கள், பக்கத்துக் காட்டுக்குள் இடிந்து கிடந்த பழைய குளக்கட்டைக்கூடக் கண்டதில்லை. எல்லாவற்றையும் கண்டவன் அவளுடைய புருசன் ஐயாத்துரைதான்.

ஐயாத்துரைக்குக் காலில் சக்கரம். கரவெட்டியிலிருந்து அவனுடைய குடும்பமும் கமலாசனியுடைய குடும்பமும் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு நாலு வயது. அந்த வயதிலேயே ஒருநாள் காணாமல் போய், குளத்தின் மறுகரையில் கண்டுபிடித்தார்களாம். பிறகும் அப்படித்தான். உரம் வாங்கப் போனால் உரக்கடையைத் தாண்டி இன்னும் பத்துக் கட்டை தூரம் போய்ப் பார்த்துவிட்டு வருவான். கமலாசனிக்கு அது கலியாணம் கட்டி ஆறு மாதத்தில் பழகிவிட்டது. ஒரே மகள் யதுர்ஷிகாவும் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நிற்கிறவள் கமலாசனி, போகிறவன் ஐயாத்துரை என்றே ஆகிவிட்டது.

2002இல் சண்டை நின்று, பூட்டிக் கிடந்த பாதை திறந்ததும் வெளியிலிருந்து சனம் வரத் தொடங்கியது. கனடா, லண்டன், கொழும்பு. முறிகண்டிக் கோயிலில் தேங்காய் உடைத்து, மடுத் தேவாலயத்துக்குப் போய், சொந்தக்காரரைப் பார்த்து முடிந்த பிறகும் அவர்களுக்கு லீவு மிஞ்சியிருக்கும். ஒருத்தரும் போகாத இடம் ஏதாவது இருக்கா என்று கேட்பார்கள். முன்ஸிர் என்று ஒருவன் வான் ஓடினான். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது முல்லைத்தீவை விட்டுப் புத்தளம் போய், பாதை திறந்ததும் திரும்பி வந்தவன். அவன் அப்படிக் கேட்கிறவர்களை நேரே ஐயாத்துரையிடம் கொண்டுவந்து இறக்கிவிடுவான். ஐயாத்துரை தன்னுடைய லாண்ட்மாஸ்டர் என்கிற கைஉழவு மெசினில் இழுவைப் பெட்டியைக் கொளுவி, அதற்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே பாயை விரித்து அவர்களை ஏற்றுவான். காட்டுக்குள் தாமரை பூத்த உடைந்த குளம், நந்திக்கடல் கரையில் இறால் துள்ளுகிற இடம், தேன்கூடு பதினாறு தொங்குகிற பாலைமரம், கடைசியாக நாயாறு. காசு வாங்கினானோ என்றால், கொடுத்தால் வாங்குவான், கேட்கமாட்டான். இடம் காட்டுகிறதுதான் அவனுக்குப் புளுகமும் சந்தோசமும்.

திரும்பி வந்ததும் கமலாசனிக்கு ஒரு இடம் விடாமல் சொல்லுவான். அதைச் சும்மா சொல்லக்கூடாது, மனிசன் நல்லாய்ச் சொல்லுவான். குசினி வாசலில் குந்தியிருந்து கையை விரித்து, கூழைக்கடா செட்டையை மடக்குகிறமாதிரி மடக்கிக் காட்டுவான். கடைசியில் ஒரே வசனம்.

“உம்மை ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

“எண்டைக்கு?” என்று கேட்பாள் கமலாசனி.

முறைத்தண்ணி முடியட்டும் என்பான். அதோடு கதை நின்றுவிடும். ஏனென்றால் முறைத்தண்ணி முடியாது. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் ஒரேயடியாகக் காணாது. ஐந்து நாளைக்கு ஒருதரம், இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று முறை வைத்துத்தான் விடுவார்கள். முறை வருகிற நேரம் வயல்காரர் ஒருவர் வரம்பில் நின்றாகவேண்டும். ஆள் இல்லையென்றால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். அடுத்த வயல் அப்புத்துரையுடையது. அப்புத்துரை கெட்ட மனிசன் இல்லை, ஆனால் தண்ணீரைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது.

ஆகவே கமலாசனி நின்றாள். ஊர் நினைத்தது அவளுக்கு வயலும் வீடும் போதும் என்று. அட, ஆர் சொன்னது? அவளுக்கும் இருப்புக் கொள்ளாதுதான். லாண்ட்மாஸ்டர் படபடத்துக்கொண்டு போனபிறகு கூட்டின முற்றத்தை மறுபடி கூட்டுவாள். வரம்பில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பாள். லாண்ட்மாஸ்டர் இந்நேரம் முள்ளியவளையைத் தாண்டியிருக்கும், இந்நேரம் அளம்பில், இப்போது மணல் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, அவர்கள் போய்ச் சேருகிற நேரத்தில் தானும் நிற்பாள். நின்று பார்த்தால் முன்னுக்கு அப்புத்துரையின் வயல்தான்.

2004 ஆடி மாதத்தில் ஐயாத்துரை நாள் குறித்தே சொல்லிவிட்டான். வாற ஞாயிறு நாயாறு, வேறு ஆரையும் ஏற்றமாட்டன், உம்மைத்தான் என்று. கமலாசனி அதை நம்பினாள். ஞாயிறு அவளுடைய முறை, நாள் குறிக்கிறபோது அவன் அதை யோசிக்கவில்லை. அவனிடம் சொல்லாமல், வியாழக்கிழமையே அப்புத்துரையிடம் போய் அவருடைய அடுத்த புதன்கிழமையை வாங்கித் தன்னுடைய ஞாயிற்றைக் கொடுத்தாள். முறை என்று வாயெடுத்தாலே அந்தரப்பட்டு, இருவரில் ஒருவர் நிற்பம் என்று தொடங்குவான் என்று பயம். போய்ச் சேர்ந்தபிறகு அந்த மணலில் வைத்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

ஞாயிறு விடிய மூன்று சுண்டு அரிசி போட்டு, கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்து, வாழையிலையில் சோறு கட்டினாள். மகளின் கலியாணத்துக்கு எடுத்த நீலச்சீலையை உடுத்தாள். பெட்டிக்குள் ஏறி வைக்கோலில் இருந்துவிட்டாள். அவன் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

அந்த நேரம் பார்த்து முன்ஸிரின் வான் வந்து நின்றது. கனடாக்காரர் ஐந்து பேர். அதிலொருவர் வயதான அம்மா, காலை நீட்டித்தான் இருக்கவேண்டும். நாளைக்கு அவர்களுக்குக் கொழும்பில் பிளேன். முன்ஸிர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

ஐயாத்துரை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவன் செய்த பிழை. ஏற்றமாட்டன் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். இறங்கும் என்று அவளுக்காவது சொல்லியிருக்கலாம், அவளும் இரண்டு சொல் கேட்டிருப்பாள். அவன் பெட்டியையும் பார்த்தான், ஆட்களையும் பார்த்தான், பிறகு கமலாசனியைப் பார்த்தான். அந்தப் பார்வையை வாசிக்கப் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை.

அவள் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள்.

“நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கு வயலில முறை இருக்கு.”

ஞாயிறு அவர்களுடைய முறை என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது, அதனால் நம்பிவிட்டான். நம்பினது அவனுக்கு வசதியாகவும் இருந்தது. சோற்றுப் பொதியையும் அவளே எடுத்து அந்த அம்மாவின் மடியில் வைத்தாள்.

பிறகு அதே நீலச்சீலையோடு மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு வரம்புக்குப் போனாள். வேறு எங்கே போகிறது? அவளுக்கு முறை இல்லை. தண்ணீர் அவள் காலடியால் ஓடி அப்புத்துரையின் வயலுக்குள் திரும்பியது. அவர் நிமிர்ந்து பார்த்து, என்ன பிள்ளை நீ போகேல்லையோ என்றார். மனிசனுக்கு அங்க வேற அலுவல் என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறும்வரை, தனக்கு வராத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் ஐயாத்துரை வந்து வழக்கம்போல எல்லாம் சொன்னான். கூழைக்கடா அண்டைக்கு நூறுக்கு மேல். அந்த அம்மா கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டு அழுதுவிட்டாராம், அப்படி ருசியாம். கமலாசனிக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் கத்தவில்லை. அண்டைக்கு முதல்தடவையாக எண்டைக்கு என்று கேட்காமல் விட்டாள். அதை அவன் கவனிக்கவும் இல்லை.

மார்கழியில் கடல் எழும்பி வந்து நாயாற்றை வழித்துக்கொண்டு போனது. ஐயாத்துரை லாண்ட்மாஸ்டரோடு போய் மூன்று நாள் ஆட்களை ஏற்றினான், உயிரோடு இருந்தவர்களையும் இல்லாதவர்களையும். வந்தபிறகு குசினி வாசலில் குந்தினான். ஆனால் ஒரு சொல் வரவில்லை. கமலாசனி அழுதாள். செத்த சனத்துக்காக அழுதாள். அதற்குள்ளே, தான் பார்க்காத அந்த மணலுக்காகவும் கொஞ்சம் அழுதாள். அதுக்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

2006இல் பாதை பூட்டினார்கள். முன்ஸிரின் வான் வரவில்லை. 2008 முடிகிற நேரம் செல்லடி முத்தையன்கட்டுக்குக் கிட்ட வந்தது. லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் இந்தமுறை நெல்மூட்டை, சட்டிபானை, கூரைக்குக் கட்டத் தறப்பாள். கமலாசனி அதே இடத்தில் ஏறி இருந்தாள். இறங்கச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

அப்படித்தான் அவள் இடங்களைப் பார்த்தாள். அவன் சொல்லிச் சொல்லிப் பாடமாகியிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இதுதானே நீங்கள் சொன்ன தென்னந்தோப்பு, இதுதானே அந்த வளைவு என்று தொடக்கத்தில் கேட்டாள். அவனும் ஓம் என்றான். பிறகு அவள் கேட்கவில்லை. லாண்ட்மாஸ்டர் புதுக்குடியிருப்பில் எரிந்தது. தறப்பாள் ஒன்றோடு கடற்கரை மணலில் கிடந்தார்கள். கடைசியில் நந்திக்கடலுக்குள் இறங்கினார்கள், தண்ணீர் நெஞ்சு மட்டம். இறால் துள்ளும் என்று அவன் கை விரித்துக் காட்டின அதே களப்பு.

வாழ்க்கை முழுக்கப் பாருங்கோ பாருங்கோ என்று சொன்ன மனிசன் அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

“அங்க இஞ்ச பாக்காதையும். என்ர முதுகைப் பாத்து வாரும்.”

அவள் அவனுடைய சேட்டுக் கொலரைப் பார்த்துக்கொண்டே அந்தக் கரை சேர்ந்தாள்.

தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமில் அவர்களுக்குக் கிடைத்தது வெள்ளைக் கூடாரம். சுற்றிவரக் கம்பி. ஐயாத்துரை முதல் மாதம் கம்பியோரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான், கமலாசனி ஒருகாலத்தில் வரம்பில் நடந்தமாதிரி. இரண்டாம் மாதம் நடையை விட்டான். சாப்பாடு வாங்கவும் எழும்புகிறதில்லை, தறப்பாளைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். அவளுக்கு இப்போது பயம் பிடித்தது. செல்லுக்குத் தப்பின மனிசனை இந்தக் கூடாரம் தின்றுவிடும்போல இருந்தது.

அங்கேயும் தண்ணீருக்கு முறை. தண்ணீர் லொறி, பவுசர், வந்து தாங்கியை நிரப்பும். கூடார வரிசைப்படி பிளாஸ்டிக் கானோடு நிற்கவேண்டும், ஆள் இல்லாத கான் பின்னுக்குப் போகும். நின்றது கமலாசனிதான், வேறு ஆர்? முன்னுக்கு நின்றது அடுத்த கூடாரத்து அப்புத்துரை. அவரும் தப்பி வந்திருந்தார்.

புரட்டாதியில் பக்கத்து அருவியாற்றில் குளிக்க விட்டார்கள். அவர்களுடைய வரிசைக்கு வந்த குளிக்கிற நேரமும் தண்ணீர் முறையும் ஒன்றாய் விழுந்தது. கமலாசனி கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு இரண்டு கானையும் கொண்டுபோய் ஐயாத்துரையின் தலைமாட்டில் வைத்தாள்.

“எழும்புங்கோ. இண்டைக்கு முறைக்கு நீங்கள் நில்லுங்கோ. நான் ஆத்துக்குப் போட்டு வாறன்.”

அவன் நம்பாதமாதிரிப் பார்த்தான். அவள் மகள் அனுப்பின சவர்க்காரத்தையும் ஒரு சீலைத்துண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போனாள். வேறு வழியில்லாமல் ஐயாத்துரை எழும்பி வரிசைக்குப் போனான். வெயிலில் இரண்டு மணித்தியாலம் கானோடு நின்றான். நின்ற இடத்தில் நின்று, அவள் இப்ப கம்பியைத் தாண்டியிருப்பாள், இப்ப தண்ணிக்குள்ள இறங்கியிருப்பாள் என்று நினைத்தான்.

ஈரத்தலையோடு வந்தவள் கூடார வாசலில் குந்தினாள். கையை விரித்துச் சொல்லத் தொடங்கினாள். கரையில் ஒரு மருதமரம், இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும் எட்டாது. வேரெல்லாம் தண்ணீருக்குள் இறங்கி, அதற்குள்ளே விரல் நீளத்தில் மீன். நடுவில் ஒரு கல், அதில் ஏறி இருந்தால் முழங்காலை அடித்துக்கொண்டு தண்ணீர் ஓடும். மீன்கொத்தி ஒன்று வந்து விழுந்து எழும்பியது என்று கையை மடக்கிக் காட்டினாள். மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த ஐயாத்துரையின் கண் அவளுடைய கையோடு போய் வந்தது.

“நல்ல இடம். உங்களை ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

அந்த வசனம் மற்றப் பக்கத்திலிருந்து கேட்டால் எப்படியிருக்கும் என்று ஐயாத்துரைக்கு இத்தனை வருசம் கழித்துத்தான் தெரிந்தது.

“எண்டைக்கு?” என்றான்.

“நாளைக்கு. முறையை அப்புத்துரை அண்ணரோட மாத்திப்போட்டன்.” அவள் தலையைத் துவட்டினாள். “நாயாத்துக்குப் போறதுக்கும் ஒருக்கா மாத்தினனான்.”

“அண்டைக்கு வயலில முறை இருக்கெண்டல்லோ சொன்னீர்?”

“முறை இருக்கேல்லை.”

அவன் நீலச்சீலையை நினைத்தான், அவள் தானே இறங்கினதை நினைத்தான். அடுத்தநாள் விடியமுன்னமே முகம் கழுவி, சவர்க்காரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூடார வாசலில் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.